என் பேத்தி பண்டு நடத்துகிறாள்

எனக்கு எழுபத்து நாலு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நாலு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது, என் இரண்டாவது மகனுடைய மகள். அவளுக்கு மூன்று வயதாகும்போது அவள் அம்மா நோயில் போய்விட்டாள். மகன் ராணுவத்தில் இருந்தான். லீவு முடிந்து ரயில் ஏறும்போது, "அம்மா, பிள்ளையப் பாத்துக்கிடுங்க" என்றான்.  பார்த்துக்கொண்டேன். இந்த நோட்டில் எழுதுவது அந்த ஐந்தாவது ஆளைப் பற்றியும், அவள் பேரைக் கெடுக்க இருந்த என்னைப் பற்றியும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவாக வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கோனில் நூல் சுற்றும் பகுதி. கோன் என்பது நூல் சுற்றுகிற அட்டைக் கூம்பு. எந்த ரக நூல் என்று தெரிவதற்காக ரகத்துக்கு ஒரு நிறத்தில் கூம்பு வைத்திருப்பார்கள். பச்சைக் கூம்பில் சுற்ற வேண்டியதை நீலத்தில் சுற்றிவிட்டால், வாங்கினவர் தறியில் துணி கெட்டு, சரக்கு லாரியோடு திரும்பி வரும். இருபத்தாறு வருடத்தில் என் கையால் ஒரு கூம்பு கலந்து போனதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பின்னால் தேவையும் படும்.

பேத்தி ஏழாவது படிக்கும்போது நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் பண்டு என்றால் அது தீபாவளிப் பண்டுதான். வாரா வாரம் காசு கட்டுவோம். தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணெய், மாவு, பட்டாசு, ஒரு சின்ன வெள்ளிக்காசு எல்லாம் பையில் போட்டுத் தருவார்கள். அந்த வருடம் பையும் வரவில்லை, பண்டு நடத்தியவரும் வரவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. நாங்கள் ஒரு தெருக் கூட்டம் வாசலில் நின்றோம். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். என் பேத்தி பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் என் பக்கத்தில் நின்று அந்தப் பூட்டையே பார்த்தாள்.

"அப்பத்தா, அந்தாள எப்பிடி நம்புன?"

"மொகத்தப் பாத்தா நல்ல மனுசனாத் தெரிஞ்சது."

"மொகத்தப் பாத்தா?"

"பொறவு எதத்தான் பாக்க?"

 எதைப் பார்க்க வேண்டும் என்று பதினாலு வருடம் கழித்து ஒரு புத்தகமே எழுதினாள். என் கேள்விக்குப் பதில் வர அவ்வளவு நாள் ஆனது.

நடுவில் பி.காம். படித்தாள். மதுரையில் ஒரு கம்பெனியில் இன்சூரன்ஸ் வேலைக்குப் போனாள். நல்ல சம்பளம். இரண்டு வருடம் ஆனபோது ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"என்னட்டி, லீவா?"

"விட்டுட்டு வந்துட்டேன் அப்பத்தா. ஒரு அம்மாவுக்குப் புருசன் செத்துப் பதினஞ்சு நாள் ஆகல. அவிய கையில வந்த பணத்த, அவியளுக்கு ஆகவே ஆகாத ஒரு பாலிசில போட வைக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"நீ மாட்டேன்னா வேற யாராவது போட வச்சிருப்பாவளே."

"வச்சிட்டாவ" என்றாள். "அதான் வந்துட்டேன்."

 சாப்பிடு என்றேன்.

அடுத்த வாரமே மொட்டை மாடியில் செல்போனை நிறுத்தி வைத்து, அதற்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள். சம்பளத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்று முதல் பேச்சு. நான் காயப்போட்டிருந்த கூழ்வத்தல் பின்னால் தெரிந்தது. பாதியில் ஒரு காகம் வந்து வத்தலைத் தூக்க, நான் போட்ட சத்தமும் அதில் விழுந்துவிட்டது. அவள் அதை வெட்டி எறியவில்லை. அவளுடைய முதல் வீடியோவில் இன்றைக்கும் நான் காகம் விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவள். என்னை வதினா என்பாள், நாத்தி முறையில். மில்லில் என்னோடு வேலை பார்த்தவள். அவள்தான் முதலில் வந்து கேட்டாள்.

"வதினா, படிச்ச பிள்ள, தனியா நின்னு கையக் கைய ஆட்டிப் பேசுது. வேப்பல அடிச்சுப் பாக்கலாமா?"

"அடி, முதல்ல ஒனக்கு அடி. செல்போன்ல பாடம் எடுக்கா."

"யாருக்கு?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. முதல் மாதம் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் பாதி நான் திரும்பத் திரும்பத் தொட்டது.

பிறகு ஒன்று பேசினாள். பாலிசித் தாளில் ஏஜெண்ட் வாசித்துக் காட்டாத பக்கம் எது, அதில் என்ன எழுதியிருக்கும் என்று. அது எப்படிப் பரவியது என்று எனக்கு விளங்கவில்லை. சேத்தூரில் இருக்கும் என் தம்பி மகன் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டு ஆள் கையில் அவள் பேசுவதைப் பார்த்தானாம். துபாயிலிருந்து யாரோ எழுதினார்களாம். ஒரு சாயங்காலம் என் மகன் எல்லையிலிருந்து போன் பேசினான்.

"அம்மா, இங்க தமிழ்ப் பயலுவ அம்புட்டுப் பேரும் அவ பேச்சத்தான் போட்டுக் கேக்கான். அவ என் மகடான்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்."

 நான் பனிமலையைப் பார்த்ததில்லை. என் வத்தலும் காகமும் அங்கே போய்விட்டன.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பஸ் ஹாரனும் தறிச் சத்தமும் ஓயாது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். வாரத்தில் நாலு நாள் நான் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பக்கத்து வைத்தியநாதசாமி கோயிலில் எந்த நேரத்தில் மணி அடிக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு மணிச் சத்தத்துக்கும் அடுத்த மணிச் சத்தத்துக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் பேசி முடிப்பாள்.

ஒரு நாள் ஒரே வாக்கியத்தைப் பதினொரு தரம் சொன்னாள். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் கேட்டது.

"நல்லாத்தானேட்டி இருந்துச்சு, எதுக்குத் திரும்பத் திரும்ப?"

"'லாபம் கிடைக்கும்'னு வாய்ல வந்துருது அப்பத்தா. 'கிடைக்கலாம்'னு சொல்லணும்."

"ரெண்டுக்கும் எம்புட்டு வித்தியாசம் இருந்துறப் போவுது?"

"ஒருத்தரோட வீடு அம்புட்டு வித்தியாசம்" என்றாள். திரும்பவும் சொன்னாள். பன்னிரண்டாவது தரம் சரியாக வந்தது.

மூலையில் அவள் வாசித்துக் குறித்த தாள்கள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. பொடி எழுத்து. ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்தித்தான் வாசிப்பாள். அந்த ஸ்கேல் பழக்கம் நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதைப் பார்த்து வந்தது என்று அவளே ஒரு முறை சொன்னாள். 

ஒவ்வொரு பேச்சையும் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். "நான் சொல்லித்தான் தருவேன். யாரோட பணத்தையும் கையில வாங்க மாட்டேன். என் பேரைச் சொல்லி யாராவது கேட்டா குடுக்காதீங்க." அதுதான் அவள் பிழைப்பு. மில்களிலும் கல்லூரிகளிலும் பாடம் எடுக்கக் கூப்பிட்டுச் சம்பளம் தருகிறார்கள் என்றால், இந்தச் சொல்லை நம்பித்தான். புத்தகம் போட ஒருவர் முன்வந்ததும் இந்தச் சொல்லை நம்பித்தான். ஆனால் அவள் படத்தை வைத்துக்கொண்டு யார் யாரோ செல்போனில் பணம் பறிக்க ஆரம்பித்தார்கள். இழந்தவர்கள் இவளுக்கு எழுதுவார்கள். ஒன்றொன்றையும் விடாமல் வாசிப்பாள். "இந்தச் சொல்லு போச்சுன்னா எல்லாம் போச்சு அப்பத்தா" என்பாள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நடந்தது இதுதான். ஒரு மத்தியானம் அந்த அறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் யாரிடமோ போனில் பேசினாள். "இந்த மாசம் பூரா பண்டு நடத்துதேன் சார். மில்லுப் பிள்ளைகளுக்குப் பண்டு நடத்தி முடிச்சுட்டுத்தான் இன்சூரன்ஸ்."

வாத்தியார் பாடம் நடத்துவார். கடைக்காரர் கடை நடத்துவார். இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். பண்டு என்று இப்போது பேங்கிலும் டிவியிலும் சொல்வது வேறு ஏதோ, அதைப் பற்றி அவள் பாடம் எடுக்கிறாள். அவள் சொன்னது வாத்தியார் நடத்துவது. என் காதில் விழுந்தது கடைக்காரர் நடத்துவது.

கையில் அவரைக்காய் அப்படியே நின்றது. பூட்டிய வீட்டு முன்னால் பையோடு நின்ற பிள்ளை, இன்றைக்கு அவளே பண்டு நடத்துகிறாள்! இந்தப் பண்டு ஓடாது. இந்த வீடு பூட்டாது. பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் இருந்தவள் யார் செத்தது என்று கேட்டாள்.

மறுநாள் காலை நல்லதண்ணிக் குழாயடியில் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "எம்பேத்தி பண்டு நடத்துதா" என்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டம்மா கிட்டே வந்தாள்.

"நெசமாவா வதினா? என்னயும் சேத்துக்கிடச் சொல்லுங்க."

"அவகிட்ட கேக்கணும்ட்டி."

"என்னத்தக் கேக்க? வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் உண்டு, எதுத்த வீட்டுக்காரிக்குக் கெடையாதோ?"

அந்த வெள்ளிக்கிழமை இருநூறு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. அதற்கடுத்த வாரம் தெருக் கோடிவீடு. பதினாலு வீடு சேர்ந்துவிட்டது. 'என் பேரைச் சொல்லி யாராவது கேட்டா குடுக்காதீங்க' என்று அவள் சொல்வது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. நான் கேட்கவில்லையே, அவர்களாகத்தானே தருகிறார்கள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஏன் அவளிடம் உடனே சொல்லவில்லை? புத்தகம் வெளியிடுகிற நாள் வந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் விழா. அன்றைக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, "இந்தா, ஒன் பண்டுக்கு நான் சேர்த்த ஆளுக" என்று எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறென்ன இருக்கிறது. பத்து வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சோறு கொண்டுபோனேன். எனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள், பாதியில் கையை நிறுத்தினாள். முகம் சிவந்துவிட்டது.

"பாத்தியா அப்பத்தா, இப்ப நம்ம ஊருக்கே வந்துட்டானுவ. கோயம்புத்தூர்ல வேலை பாக்குற பையன் ஒருத்தன் எழுதியிருக்கான். கேளு. 'அக்கா, எங்கம்மா ராஜபாளையத்துல உங்க பேர்ல வாரம் இருநூறு ரூபா பண்டு கட்டுது. வெள்ளிக்கிழமைதோறும் வசூல் நடக்குது. இது நெசமா?' நம்ம தெருப் பேரு போட்டிருக்கான். நம்ம தெருவுலயே! யாருன்னு மட்டும் தெரியட்டும், நாளைக்கே போலீஸ் ஸ்டேசன்ல—"

என் தட்டைக் கீழே வைத்தேன்.

"எழுதிக் குடுக்காண்டாம்" என்றேன். "அது நாந்தாட்டி."

அவள் சிரித்தாள். பகடி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?"

"நீதானட்டி பண்டு நடத்துதேன்னு போன்ல சொன்ன."

 விளங்கியதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கை என்றுகூடப் பார்க்கவில்லை.

"பாடம் அப்பத்தா! பாடம் நடத்துதேன்! அரசாங்கத்துல பதியாம பணம் வாங்குனா குத்தம். அது தெரியுமா ஒனக்கு? ஒருத்தர் புகார் குடுத்தாப் போதும். நான் ஊருக்கெல்லாம் சொல்லுதேன், எங்க வீட்டுல நீ வாங்கி வச்சிருக்க. யாரு நம்புவா என்னய?"

"ஒன்ன நம்பித்தான குடுத்தாவ."

"என்ன நம்பியா? ஒன் மொகத்தப் பாத்துக் குடுத்தாவ" என்றாள். "பூட்டுப் போட்டுட்டுப் போனானே, அந்தாளுக்கும் நல்ல மொகந்தான் அப்பத்தா."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள். இத்தனை வருடம் கழித்து அந்த வாசலில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரிந்தது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம்.  ஸீட்டில் இருந்த ஒரு போலீஸ்காரப் பெண் அவளை அடையாளம் கண்டு எழுந்து வந்து, "மேடம், ஒங்க வீடியோ பாத்துத்தான் நான் ஒரு மோசடிலருந்து தப்பிச்சேன்" என்று கையைப் பிடித்தது. பேத்தி அந்தப் பெண்ணிடம் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "எங்க வச்சிருக்க?" என்றாள். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து வைத்தேன். திறந்தாள். உள்ளே பதினாலு பொட்டலம். ஒவ்வொன்றையும் ஒரு நிற நூலால் கட்டியிருந்தேன். எதிர்வீட்டுக்குப் பச்சை. கோடிவீட்டுக்கு நீலம். நிறம் தீர்ந்துபோனதும் இரண்டு நிறத்தை முறுக்கிக் கட்டினேன். எனக்குப் பேர் எழுதி வைக்க நேரம் ஆகும், நிறம் மறக்காது.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"ஒருத்தர் பணத்த இன்னொருத்தரோட கலக்கவே இல்லையா?"

"கலந்தா சரக்கு திரும்பி வரும்லாட்டி."

முதலில் சிரிப்பு மாதிரிதான் வந்தது. பிறகு அழுதுவிட்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டேன். "இதத்தான் அப்பத்தா நான் ரெண்டு மணி நேரம் நடத்துதேன்" என்றாள். "கோட் போட்ட ஆளுகளே இதுல கோட்டை விட்டுருக்கானுவ."

அன்று பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகப் போனோம். நான் பொட்டலத்தை அவிழ்ப்பேன். அந்த வீட்டுக்காரி எண்ணுவாள். பேத்தி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குவாள். ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். 'எங்க அப்பத்தா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க' என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. 'நான் சொன்ன சொல்லு தப்பு' என்றாள். கோயம்புத்தூர்ப் பையனின் அம்மா மட்டும் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அப்ப இத்தன நாளும் ஆச்சியும் பேத்தியும் எங்கள வச்சு வெளையாண்டியளா? மகன் கேக்கலன்னா இது எப்ப திரும்பி வந்திருக்கும்?"

எனக்கு ரத்தம் ஏறியது. பத்து வாரமாக என் வாசலில் வந்து நின்றவள் அவள். நான் வாய் திறப்பதற்குள் பேத்தி சொன்னாள்.

"அவன் கேட்டதுதான் சரி அத்த. நீங்களும் கேட்டிருக்கணும். யாரு வாங்குனாலும் கேளுங்க. எங்கப்பத்தாவா இருந்தாலும் கேளுங்க. அவனுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

அந்த அம்மா பணத்தை எண்ணினாள். திரும்ப ஒரு தரம் எண்ணினாள். "சரியா இருக்கு. உள்ள வாங்க" என்று காப்பி போட்டாள்.

எதிர்வீட்டம்மாதான் வாங்க மாட்டேன் என்றாள்.

"வதினா கையில இருந்தாத்தான் அது பணம். என் கையில வந்தா பேரன் பைக்கு டயருக்குப் போயிரும். நீங்களே வச்சுக்கிடுங்க."

"வச்சா என்னய போலீஸ் பிடிக்கும்ட்டி."

"பிடிக்கட்டும். நான் சோறு கொண்டு வாரேன்."

பேத்தி அவளை மறுநாள் காலையில் தபால் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் பேரிலேயே மாதா மாதம் கட்டுகிற கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். நானும் போனேன். பாஸ்புக்கை வாங்கி, "இதுல எது என் பேரு?" என்று கேட்டாள் எதிர்வீட்டம்மா. பேத்தி தொட்டுக் காட்டினாள். வீடு வரும்வரை அந்த இடத்திலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை. பச்சை நூலை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கி, பாஸ்புக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

பணம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய், ஒரு ரூபாய் குறையவில்லை. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் முடியவில்லை என்றாள்.

"இத வீடியோவுல சொல்லப் போறேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? புத்தகம் வரப்போற நேரத்துல? ஊரு பூரா சிரிக்கும்ட்டி. அதான் திருப்பிக் குடுத்தாச்சே."

"பூட்டுன வீட்டுக்கு முன்னால நின்னமே, அன்னைக்கு அந்தாளு வெளிய வந்து, இன்ன மாதிரி ஆயிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றியவள் எனக்கு நினைவுக்கு வந்தாள்.

"ஒன்ன யாருன்னு சொல்ல மாட்டேன். எங்க வீட்டு ஆளுன்னு மட்டும் சொல்லட்டா?"

என் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது அவளுக்கு என்று நினைத்தேன். "வீட்டு ஆளு என்ன வீட்டு ஆளு" என்றேன். "அப்பத்தான்னே சொல்லு."

அவள் பேசும்போது செல்போனுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் பதினொரு தரம் சொல்கிறவள் அன்றைக்கு ஒரே தரம்தான் பேசினாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நடத்துவது என்ற சொல்லைச் சொன்னாள், பூட்டிய வீட்டைச் சொன்னாள், பதினாலு பொட்டலத்தைச் சொன்னாள். எங்கேயும் என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை, எங்கேயும் என் தப்பை மூடவும் இல்லை. "என் பேரைச் சொல்லிப் பணம் வாங்கினவங்களத் தேடிக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னாலயும் பாத்திருக்கணும்" என்றாள். பாதியில் கோயில் மணி அடித்தது. நிறுத்தவில்லை. மணிச் சத்தம் ஓயும்வரை அதற்கு மேலே குரலைக் கொஞ்சம் ஏற்றிப் பேசினாள். இந்த இடுப்பில்தானே இதைத் தூக்கி வைத்திருந்தேன், இந்தத் தைரியம் இதற்குள் எப்போது வந்து ஏறியது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமி புறப்பாடு வரும்போது எழுந்து நிற்போமே, அப்படி எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. சத்தம் கேட்டுவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஏசி எழுதியவர்களும் உண்டு. ஒரு மில்லில் வகுப்பை நிறுத்தி வைத்தார்கள். அந்த நாலைந்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.  பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்கள் வீட்டிலும் அம்மா சீட்டுப் பிடிக்கிறாள், எங்கள் மாமியார் இப்படித்தான் கையில் வாங்கி வைத்திருக்கிறார், எப்படித் திருப்பிக் கொடுப்பது, எப்படி எழுதி வாங்குவது என்று கேட்டு. எந்தெந்த ஊரிலிருந்தோ. அவள் வாசித்துக் காட்டக் காட்ட, இத்தனை வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னாலும் டப்பா இருக்கிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. நிறுத்தி வைத்த மில்லே ஒரு மாதம் கழித்து அவளைக் கூப்பிட்டது.

விழாவுக்கு என் மகன் லீவு வாங்கி வந்தான். கடைசி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்து, மகள் பேசி முடிக்கும்வரை கட்டிய கையைப் பிரிக்காமல் இருந்தான். பதினாலு வீட்டுக்காரிகளும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கோயம்புத்தூர்ப் பையனின் அம்மாதான் முன்வரிசையில் இடம் பிடித்தாள். நான் ஆசைப்பட்ட மாதிரி வெற்றிலைத் தட்டோடுதான் போனேன். அதில் பணம் இல்லை. பச்சை போக மிச்சம் பதின்மூன்று பொட்டலத்து நூலை ஒரு சின்னக் கோனில் சுற்றி வைத்திருந்தேன். பேத்தி அதை எடுத்துப் புத்தகத்தின் மேல் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். புத்தக அட்டையில் அவள் பேரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தும் என் பேர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அட்டையில் பேர் வந்தது அன்றைக்குத்தான்.

இப்போது இரண்டாவது தரம் அச்சடிக்கப் போகிறார்களாம். பண்டு விஷயத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்றாள். "எழுதேன்" என்றேன். "நீதான் எழுதணும்" என்றாள்.

"எனக்கு எழுத வருமாட்டி? நான் சொல்லுதேன், நீ எழுதிக்கோ."

"நான் எழுதுனா அது என் சரக்கு ஆயிரும். ஒன் நூல ஒன் கோன்லயே சுத்து அப்பத்தா."

அதனால்தான் இந்த நோட்டு. வெயில் வந்து போன நாள், மழை வந்த நாள் எல்லாம் உட்கார்ந்து எழுதிவிட்டேன். இதோ, மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது.

"ஏட்டி, கைகாலக் கழுவிட்டு வா. முடிச்சுட்டேன். எழுத்துத் தப்பு இருந்தா திருத்து, மத்ததுல கை வைக்கக் கூடாது. எங்கயாவது 'கிடைக்கும்'னு எழுதியிருந்தா சொல்லு, நானே மாத்துதேன். கண்ணாடி வேணும்னா என்னத எடுத்துக்கோ, பொடி எழுத்தா இருக்கும். இப்பிடி வெளிச்சத்துக்கு வா. மொதல்ல இருந்து வாசி."